சொல்தா வீட்டில் ஓர் ஓட்டு

புதுச்சேரியில் மறுபடியும் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த அறக்கட்டளையிலிருந்து, புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் போன் செய்தார்கள். "அக்கா, ஒரு நாள் வந்து உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார்கள். வர முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அலுவலகத்தின் மாடிப்படியை இனி ஏறுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட கட்டுரையை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஓட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வில்லியனூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கணினிப் பொறியியல் படித்தேன். நிரந்தர வேலை கிடைக்கும்வரை என்று அறக்கட்டளையில் தரவு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டேன். படிவம் ஆறு பெயர் சேர்க்க, ஏழு நீக்க, எட்டு திருத்த. இதைக் கற்க அரை நாள் போதும். படிவம் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது என்பதைக் கற்க ஒரு வருடம் ஆனது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் களைத்துப்போய் "வெச்சிட்டுப் போங்க, பாக்கறேன்" என்பார். அந்த முகத்தைப் பார்த்தபின் நாமும் வைத்துவிட்டு வந்துவிடுவோம். அந்தப் படிவத்தை மறுபடி யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் வேலை இவ்வளவுதான். வரைவுப் பட்டியல் வந்ததும் அச்செடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். பெயர் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்போம். விட்டுப்போனவரைச் சேர்ப்போம், தவறாக நீக்கப்பட்டவருக்கு மனு எழுதிக் கொடுப்போம், விசாரணைக்கு அவரோடு போவோம். எந்தக் கட்சிக்கும் இதில் இடமில்லை. கட்சிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தோம்.

அறக்கட்டளையை நடத்தியவர் ஞானம் சார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை எளிதாக இருந்திருக்கும்.

அவர் தேர்தல் அலுவலகத்துக்குப் போகும் விதத்தைப் பார்க்க வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். அங்கே யாரும் கழற்றச் சொல்வதில்லை, வேறு யாரும் கழற்றுவதும் இல்லை. உள்ளே போனதும் முதலில் கடைநிலை ஊழியரிடம் அவர் பிள்ளையின் படிப்பை விசாரிப்பார். அதிகாரி உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டுவார். 'உரிமை' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. 'வேண்டுகோள்' என்பார். வெளியே வந்ததும் எங்களிடம் சொல்வார்: "கத்தனா அவரு நம்ம பேச்சக் கேப்பாருதாம்மா. நம்ம ஃபைலத் தொட மாட்டாரு."

இந்த முறை பலிக்கவும் செய்தது. ஒருமுறை வீராம்பட்டினத்தில் தேர்த் திருவிழா சமயத்தில் கணக்கெடுப்பு நடந்தது. ஊரே கோயிலில் இருந்தது. பூட்டியிருந்த வீட்டுக்காரர்களையெல்லாம் யாரோ 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதிவிட்டார்கள். ஆத்திரத்தோடு வந்த ஊர்க்காரர்கள் மறியல் செய்யலாம் என்றார்கள். ஞானம் சார் அவர்களை உட்காரவைத்து, தனித்தனியாக மனு எழுத வைத்தார். பிறகு அதிகாரியிடம் போய், "ஐயா ஒரு தடவ கடற்கரைக்கு வந்து பாத்தா நல்லாருக்கும்" என்று வேண்டிக்கொண்டார். அதிகாரி வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பெயர் சொன்னார்கள். "நாங்க எங்கயும் போவல சார். தேர்தான் போச்சு, நாங்க பின்னாலயே போனோம்" என்று ஒருவர் சொல்ல, அதிகாரியே சிரித்துவிட்டார். பெயர்கள் திரும்ப வந்தன. அன்று சாரைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இனி ஒரு குறியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தன்னார்வலர்கள் பட்டியலின் ஓரத்தில் சில குறிகள் போடுவார்கள். 'இ' என்றால் இறந்தவர். 'மா' என்றால் வீடு மாறியவர். 'சொ' என்றால் சொல்தா வீடு. பிரெஞ்சுப் படையில் இருந்தவரை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். நாளடைவில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் எதுவானாலும் அது சொல்தா வீடு ஆகிவிட்டது. அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. அதனால் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம், 'சொ' போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். இது நான் சேர்வதற்கு முன்பே சார் கொண்டுவந்த வழக்கம். நேரம் மிச்சம்.

ஒரு வீடு சொல்தா வீடு என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டில் கேட்போம். "அதுவா? சொல்தா வீடும்மா. பென்ஷன் வருது, பையன் பாரிசுல இருக்கான்" என்பார்கள். சரிபார்ப்பு அவ்வளவுதான்.

குறிகள் போட்ட தாள்களைச் சார் ஒவ்வொரு வருடமும் ஒரு பிரதி எடுத்துத் தேர்தல் அலுவலகத்துக்குக் கொடுப்பார். நல்லெண்ணத்துக்காக. அங்கிருந்து அது கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் கூட்டத்துக்குப் போனது. ஒரு தேர்தலுக்கு முன், 'இந்தியக் குடிமகன் அல்ல' என்று காரணம் அச்சிட்ட படிவம் ஏழுகள் கட்டாக வந்து விழுந்தன. எல்லாம் எங்கள் 'சொ' வீடுகள். வீட்டு எண்ணை மட்டும் பார்த்து நிரப்பியவை. பெரும்பாலான வீடுகளில் நீக்குவதற்கு வாக்காளர் யாரும் இல்லை, அதனால் சேதமும் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் இருந்தார்.

மார்கிரேத் அக்கா. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஏலம் விடுபவர், ஐஸ் உடைப்பவர், படகிலிருந்து இறங்குபவர் எல்லோரும் காலையில் அங்கேதான் நிற்பார்கள். பிறந்தது கடலூர். கட்டிக்கொண்டு வந்தது புதுச்சேரிக்கு. கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், இறந்துவிட்டார். அவர் பேரில் அக்காவுக்கு விதவை பென்ஷன் வருகிறது. மகன் அப்பா வழியில் பிரெஞ்சுக்காரனாகி அங்கே வேலையில் இருக்கிறான். வீட்டில் இருப்பது அக்காவும், கல்யாணம் செய்துகொள்ளாத நாத்தனார் லூர்துவும். லூர்து பிரெஞ்சுக் குடிமகள். மார்கிரேத் அக்கா அந்தக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டதே இல்லை. பாஸ்போர்ட் என்ற ஒன்றையே அவர் எடுத்ததில்லை. கல்யாணமாகி வந்த வருடம் இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டு வந்தவர்.

பெயர் நீக்கப்பட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி அலுவலர் புவனா டீச்சர் சொன்னார். நீக்கம் பற்றிய விசாரணை நோட்டீஸை டீச்சர் கொண்டுபோன காலை நேரத்தில் அக்கா துறைமுகத்தில் இருந்திருக்கிறார். லூர்து பாதிக் கதவைத் திறந்து, "இது பிரெஞ்சு வீடு, இங்க ஓட்டு கிடையாது" என்று சொல்லி மூடிவிட்டார். நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு வந்த டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. இட்லி வாங்கப் போனபோது சொல்லியிருக்கிறார். அக்கா அதுவரை நோட்டீஸைப் பார்க்கவே இல்லை. அதற்குள் நீக்க உத்தரவு ஆகிவிட்டது. டீச்சர் எனக்கும் சொல்லியனுப்பினார்.

நான் போய் நின்றபோது கடையில் கூட்டம். அக்கா சட்னி ஊற்றிக்கொண்டே பேசினார்.

"நீதான் அந்த ஓட்டு ஆபீஸ் பொண்ணா? வா. நான் இன்னிக்கு பிரெஞ்சுக்காரி, பாத்துக்கோ. முந்தாநேத்து வரைக்கும் இந்தியாக்காரிதான்."

"மேல்முறையீடு பண்ணலாம்க்கா. நீங்க பொறந்த சர்டிஃபிகேட் இருக்கா?"

"கடலூர் ஆஸ்பத்திரில பொறந்தேன். இருக்குது. கடலூரு இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊரு இல்ல? அப்ப என்ன லண்டனுக்கில்ல அனுப்பணும்? பாரிசுக்கு எதுக்கு அனுப்பறாங்க?"

தட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் சாப்பிட்டவர் ஒருவர்தான். ஏழுமலை அண்ணன், அந்தத் தெருவின் கட்சிப் பொறுப்பாளர். படிவம் ஏழில் இருந்த கையெழுத்து அவருடையது. அக்காவுக்கும் அது தெரியும்.

"ஏழுமல, இட்லி எப்படி இருக்குது? பிரெஞ்சு வாசனை அடிக்குதா?"

"யக்கா, நான் உன் பேரப் பாத்தா கையெழுத்து போட்டேன்? கட்டா குடுத்தாங்க. அடியில போடுன்னாங்க, போட்டேன்."

"என் இட்லியத் தின்னுட்டுப் போய்தான போட்ட?"

"எனக்கென்ன தெரியும்? இந்த அம்மா ஆபீஸ்ல குடுத்த லிஸ்டுதான் அது. அவங்களே சொல்தான்னு போட்டிருந்தாங்க."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

"அப்படியாம்மா?"

"ஆமாங்க்கா. எங்க குறிதான்."

"என் வீட்டு கதவ யாராச்சும் தட்டனீங்களா?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. அடுத்த ஆளுக்கு இட்லி எடுத்து வைத்தார். பிறகு, "எப்ப எங்க வரணும்னு சொல்லு, வரேன். இந்த எலெக்‌ஷனுக்குள்ள என் பேரு வந்தாகணும்" என்றார். "என் வூட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப ஓட்டு நாளன்னிக்கு வாசல்லயே நிப்பாரு. நான் போட்டுட்டு வந்து மைய காட்டினா, 'இந்த வீட்ல ஒரு ஆளுக்காவது இந்த ஊருல பேச்சு இருக்குது'ன்னு சொல்லுவாரு. அது போயிடக் கூடாது."

வேட்புமனுவின் கடைசி நாள் நெருங்கும்போது பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. எங்களுக்கு இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான்.

தேவைப்பட்டவை மூன்று. பிறப்புச் சான்று இருந்தது. இந்த வீட்டில் தொடர்ந்து வசிப்பதற்கான சான்று இருந்தது. மூன்றாவதாக, அவர் பிரெஞ்சுக் குடிமகள் இல்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம். லூர்துவிடம் கேட்டேன். அவர் நடந்ததற்காக உள்ளுக்குள் வருந்தினார், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "நம்ம ஆளுக்குதான் பப்பியே குடுப்பாங்க. இவ நம்ம ஆளு இல்லன்னு யாரு பப்பியே குடுப்பா?" என்றார். பப்பியே என்றால் காகிதம், சான்று. இல்லாத ஒன்றுக்குச் சான்று கிடையாது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எதிர்த்தரப்பில் இருந்த ஆதாரமோ ஒன்றே ஒன்று. எங்கள் குறி. ஆகவே எங்கள் அறக்கட்டளையின் ஒரு கடிதம் போதும் என்று கணக்குப் போட்டேன். 'சொ என்ற குறி குடியுரிமையைச் சரிபார்த்துப் போட்டதல்ல. பக்கத்தில் விசாரித்துப் போட்டது.' இவ்வளவே. தட்டச்சு செய்து, கையெழுத்துக்காகச் சாரிடம் கொண்டுபோனேன்.

சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் எதையும் தள்ள மாட்டார். திருப்பி வைப்பார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா இத படிச்சிட்டு ஆபீசர் என்ன கேப்பாரு? மத்த குறியெல்லாம் எப்படிப் போட்டீங்கன்னு கேப்பாரு."

"கேக்கட்டும் சார். உண்மைய சொல்லுவோம்."

"சொன்னா அடுத்த தடவ நம்ம தாள வாங்க மாட்டாங்க. வீராம்பட்டினம் ஞாபகம் இருக்கா? நம்ம பேச்சுக்கு மதிப்பு இருந்ததாலதான் அவரு கடற்கரைக்கு வந்தாரு."

"தப்பா குறி போட்டது நாம சார்."

"நாம படிவம் ஏழு போடலியே. யாரோ போட்டாங்க, அலுவலகம் நீக்கிச்சி. நாம தகவல்தான் குடுத்தோம்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அந்த அம்மாவுக்குப் புதுசா படிவம் ஆறு போடுங்க. அடுத்த பட்டியல்ல வந்துடும். ஒரு அம்மாவுக்காக மத்தவங்க எல்லாரையும் விட்டுடலாமா?"

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் பிறகு கிடைத்தது. 'மத்தவங்க' என்று சொல்லும்போது சாரின் கண்ணில் எந்த முகமும் இல்லை. 'ஒரு அம்மா' மட்டும்தான் நிஜமான ஆள். அடுத்த வருடம் வேறொரு அம்மா வருவார். அவரும் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேல்முறையீட்டோடு படிவம் ஆறும் போட்டோம். குடிமகள் இல்லை என்று முன்பு நீக்கப்பட்டதால், மேல்முறையீட்டில் முடிவு வரட்டும் என்று அதை நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்கு நானும் அக்காவும் போனோம். பழக்கத்தில் நான் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"இது என்னா, கோயிலா?" என்றார் அக்கா. நான் கழற்றவில்லை. அந்த அலுவலகத்தினுள் முதல் தடவையாகச் செருப்போடு போனேன்.

அதிகாரி பொறுமையானவர். பிறப்புச் சான்றைப் பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார். பென்ஷன் பற்றிக் கேட்டார். புருஷன் பிரெஞ்சுக்காரர் என்பதால் வருகிறது, பெண்டாட்டி பிரெஞ்சுக்காரியாக இருக்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே எங்கள் அறக்கட்டளையின் தாளை எடுத்து, 'சொ' மீது பேனாவை வைத்தார்.

"ஆனா இது உங்க ஆளுங்க களத்துல போய் எடுத்தது இல்லையா?"

"பக்கத்து வீட்ல கேட்டுப் போட்டது சார். இவங்க கதவ நாங்க தட்டவே இல்ல. நான் அங்கதான் வேலை பாக்கறேன்."

"அறக்கட்டளை லெட்டர் இருக்கா?"

"நானே நேர்ல வந்து சொல்றேன் சார். எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன்."

"நீங்க வந்தத நான் ஃபைல்ல வைக்க முடியாதேம்மா. முத்திரையோட ஒரு காகிதம் வேணும்."

அக்கா கேட்டார்: "நானும்தான் வந்து நிக்கறேன். என்னையும் ஃபைல்ல வைக்க முடியலன்னுதான் எடுத்துட்டீங்களா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அறக்கட்டளையிடம் விளக்கம் கோரப்படுகிறது" என்று எழுதினார். அது நியாயமான உத்தரவுதான். கடிதம் மறுநாளே எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. சார் அதற்கு உடனே பதில் அனுப்பினார். அவர் எந்த அரசாங்கக் கடிதத்துக்கும் தாமதமாகப் பதில் எழுதியதில்லை. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. பொருள் பரிசீலனையில் உள்ளது.'

பட்டியல் பூட்டப்படும்வரை அது பரிசீலனையில் இருந்தது.

ஓட்டுப்பதிவு நாளன்று வர வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். கடையை மூடிவிட்டு, பழைய அடையாள அட்டையோடு வந்தார். பள்ளிக்கூட வாசலுக்குச் சற்றுத் தள்ளிக் கட்சி மேசைகள். அதில் ஒன்றில் ஏழுமலை அண்ணன், வருகிறவர்களுக்கு வரிசை எண் எழுதிய சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வாக்கா. சீட்டு வேணுமா?"

"குடேன்."

அவர் விரல் பட்டியலில் தெரு பார்த்து, கதவு எண் பார்த்து இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. பெயரின் குறுக்கே 'நீக்கம்' என்று அச்சாகியிருந்தது.

"படி ஏழுமல. சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்."

அவர் படிக்கவில்லை. "யக்கா, டீ சாப்புடறியா?" என்றார்.

அக்கா உள்ளே போனார். புவனா டீச்சர் உதவி மேசையிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த தலைமை அலுவலர் அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், விதி என்னவோ அதைச் சொன்னார். சண்டை எதுவும் நடக்கவில்லை. வெளியே வந்தவர் என்னிடம், "எல்லாரும் மரியாதையாதாம்மா பேசறாங்க. யாரு மேல கோவப்படறதுன்னே தெரியல" என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. படிவம் ஆறின் நிலவரம் சொல்ல அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் லூர்துவும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று பிரான்சில் தேர்தல். இந்த ஊரில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களும் இங்கேயே ஓட்டுப் போடுவார்கள். லூர்துவுக்கு மூட்டு வலி, தனியாகப் போக முடியாது. நானும் கூடப் போனேன்.

வரிசை பிரெஞ்சுத் தூதரக வாசல்வரை இருந்தது. பாதிப் பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். "பொன்ழூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டு, மீன் விலையைத் தமிழில் பேசிக்கொண்டார்கள். வாசலில் நின்ற இளைஞன் லூர்துவின் அட்டையைப் பார்த்து உள்ளே விட்டான். பின்னால் நின்ற அக்காவிடம் கை நீட்டினான்.

"உங்க கார்த், மத்தாம்?"

"எனக்கு கார்த் இல்ல தம்பி. பை புடிக்க வந்தேன்."

வெயிலில் ஓரமாக நின்றோம். லூர்துவின் கைப்பையை அக்கா மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். லூர்து திரும்பி வந்து, பையை வாங்காமல் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்குப் போட்டேன்னு கேக்காத. எனக்கே அந்த ஆளத் தெரியாது. உம் புள்ள போன்ல சொன்னான், போட்டேன்."

"அந்த ஆளு வந்து நம்ம தெரு கால்வாயத் தூர் வாருவாரா?" என்றார் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த வருடக் கடைசியில் படிவம் ஆறு ஏற்கப்பட்டது. அக்காவின் பெயர் பட்டியலில் ஏறியது. புதிய எண், புதிய அட்டை. சார் தானே நேரில் போய் அட்டையைக் கொடுத்தார், இரண்டு கையாலும். ஆண்டறிக்கையில் அந்தப் படம் வந்தது. அதன்மேல் 'மீட்டெடுத்த வாக்குரிமைகள்' என்று தலைப்பு. 'உரிமை' என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் பார்த்தது அப்போதுதான். அறிக்கையை வடிவமைக்க என்னிடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேர்தலில் இவர் ஓட்டுப் போடவில்லை என்று படத்தின் கீழ் ஒரு வரி சேர்த்தேன். சார் அதை அடித்துவிட்டு, காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அந்த வாரம் விலகினேன்.

"வெளியில போய் என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

தன்னார்வலர்களுக்கு என்ன சொல்வது? வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் போகாவிட்டால் அந்தத் தெருவுக்கு வேறு யாரும் போகப் போவதில்லை. ஒப்புகை வாங்குங்கள். நீக்கப்பட்டவர் பட்டியலைச் சேர்க்கப்பட்டவர் பட்டியலுக்கு முன் படியுங்கள், ஏனென்றால் விட்டுப்போனவர் தானாக வந்து கேட்பார், நீக்கப்பட்டவருக்குத் தான் நீக்கப்பட்டதே தெரியாது. விசாரணை நாளில் கூடப் போங்கள், உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அலுவலகத்தின் நட்பு உதவும், ஆனால் அந்த நட்பைக் காப்பாற்ற யாருடைய பெயரையும் விலையாகக் கொடுக்காதீர்கள். தப்பு நம்முடையது என்றால் அன்றைக்கே முத்திரை போட்டு எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், கதவைத் தட்டுங்கள். பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தது அந்த வீட்டின் பட்டப்பெயர் மட்டும்.

இதையெல்லாம் எழுதும் முன், இப்போது எப்படி வேலை செய்கிறீர்கள் என்று போன் செய்த பெண்ணிடம் கேட்டேன். தாள் எல்லாம் போய்விட்டது, செயலி வந்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொன்னாள். செயலியைத் திறந்து படம் எடுத்து அனுப்பினாள். நன்றாகச் செய்திருந்தார்கள். வீட்டு நிலை என்ற இடத்தில் ஒரு தேர்வுப் பட்டியல். நான்காவதாக 'வெளிநாட்டுக் குடும்பம்' என்று இருந்தது.

"அத எடுத்துடுங்க" என்றேன்.

"எடுக்க முடியாதுக்கா. பழைய தரவெல்லாம் அதுல ஏத்தியாச்சி. ஏதாவது ஒண்ண தேர்ந்தெடுக்காம அடுத்த பக்கம் போகாது."

மார்கிரேத் அக்காவிடம் போய்ச் சொன்னேன். செயலி, தரவு என்று விளக்க ஆரம்பித்ததும் கையமர்த்தினார். அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். கணக்கெடுப்பு முடியும்வரை கடை கிடையாது. இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கப் போகிறார். லூர்து உள்ளேயிருந்து வராமல் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு ஆகிவிட்டது.

"யாரும் பக்கத்து வீட்ல கேக்கற மாதிரி நான் வைக்கப் போறதில்ல" என்றார்.

அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே வாசலில் இட்லி கிடைக்காது.